இரண்டாவது கட்டுரையாளர் உடன்படவில்லை

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே, நகைக்கடை விளம்பரத்துக்கும் ஒரு காதுகுத்து வாழ்த்துக்கும் நடுவில், நான் வேலை பார்த்த கல்லூரியின் பேனர் தொங்குகிறது. உலகின் சிறந்த விஞ்ஞானிகள் வரிசையில் இடம்பிடித்த எங்கள் பேராசிரியர்கள் என்று பெரிய எழுத்து. கீழே நான்கு முகங்கள். நான்கு பேரும் கோட்டு போட்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் நான்கும் ஒரே கோட்டு. கழுத்துக்கு மேலே மட்டும் தலையை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பேனர் கட்டிய வாரத்தில்தான் துறையிலிருந்து இளம் ஆசிரியை ஒருத்தி போன் செய்தாள். "மேடம், டிபார்ட்மென்ட் மலர் போடறோம். நம்ம ரிசர்ச் எப்படி வளந்துச்சுன்னு நீங்க ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. நீங்கதான் சீனியர்."

"எல்லாத்தையும் எழுதலாமா?"

"நல்லதா எழுதுங்க மேடம்."

நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சொந்த ஊர் கெடார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட குடும்பம். விழுப்புரத்தில் பி.எஸ்ஸி., சென்னையில் எம்.எஸ்ஸி., பிறகு முனைவர் பட்டம். திண்டிவனத்துக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்து, துறைத்தலைவியாகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். வீடு விழுப்புரத்தில். போகவும் வரவும் பாசஞ்சர் ரயில். எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி படிகம் வளர்ப்பது. உப்பைத் தண்ணீரில் கரைத்து, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, தாளில் ஊசியால் துளை போட்டு, ஆடாமல் அசையாமல் வைத்தால் சில வாரத்தில் படிகம் வளரும். அதன் மேல் ஒளியைப் பாய்ச்சி ஒரு கட்டுரை எழுதலாம். உப்பை மாற்றினால் இன்னொரு கட்டுரை. தமிழ்நாட்டில் பாதி இயற்பியல் துறைகள் இப்படித்தான் பிழைத்தன. நானும் பிழைத்தேன். இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

பிறகு எண்ணும் காலம் வந்தது. கட்டுரை எழுதினால் மட்டும் போதாது, அதை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கு வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கைக் கணினி தானாக எடுத்துத் தரும். கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வரும்போது அதற்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் என்று வந்தபிறகு நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கேள்வித்தாளை வைத்துக்கொண்டே படிக்கப் பழகியவர்கள் நாம்.

எங்கள் கல்லூரி முதல்வர் சனிக்கிழமைதோறும் ‘ஆய்வு மேம்பாட்டுக் கூட்டம்’ என்று ஒன்று நடத்தினார். ஆசிரியர்கள் அதற்கு வைத்த பெயர் மொய் மீட்டிங். என் கட்டுரையை நீ மேற்கோள் காட்டு, உன்னுடையதை நான் காட்டுகிறேன். கல்யாணத்தில் வாங்கிய மொய்யைத் திருப்பி வைப்பது மாதிரி. எங்கள் துறையில் தண்டபாணி என்று ஒருவர். வேப்பிலைச் சாற்றிலிருந்து நானோ துகள் எடுப்பார். வேப்பிலை முடிந்தால் நொச்சி, நொச்சி முடிந்தால் துளசி. அவர் ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

"மேடம், உங்க கிரிஸ்டலுக்கு நான் ரெண்டு வச்சிருக்கேன். நீங்க எனக்கு ஒண்ணாவது வைங்க."

"உன் வேப்பிலைக்கும் என் உப்புக்கும் இன்னாயா சம்பந்தம்?"

"ரெண்டுமே பீக்கர்லதான மேடம் இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் வைக்கவில்லை.

முதல்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலங்கியல்காரர். மீனின் செவுளில் வாழும் ஒட்டுண்ணிகளைப் படித்தவர். மேசையில் சின்ன மீன்தொட்டி இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். யாருக்கும் உத்தரவு போட்டதாக எனக்கு நினைவில்லை. போனால் உட்காரச் சொல்வார், மோர் வரும். நாம் பேசப் பேச, தீவனத்தை விரல் நுனியில் எடுத்து மீனுக்குப் போடுவார். பேசி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, "நீங்களே சொல்லுங்க, காலேஜுக்கு எது நல்லது?" என்பார். பிறகு காத்திருப்பார். அவருக்கு வேண்டியதை நம் வாயால் நாமே சொல்லும்வரை காத்திருப்பார். சொன்னதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீங்களே சொல்லிட்டீங்க" என்பார். வெளியே வரும்போது நாம்தான் முடிவெடுத்தோம் என்று நமக்கே தோன்றும். கத்துகிற அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சமாளிக்கலாம். இவரைச் சமாளிக்கக் கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. கட்டுரையில் கல்லூரி முகவரியைப் போட முதல்வர் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கட்டுரையைக் கொடுத்தால், திரும்பி வரும்போது எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை மையில் அவர் பெயரும் இருக்கும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அப்படித்தான் அவர் வேதியியலிலும் வணிகவியலிலும் கணினி அறிவியலிலும் கட்டுரையாளர் ஆனார். மீன் அறியாத துறையெல்லாம் அவர் அறிந்தார்.

ஸ்டெல்லா வந்தது இந்தக் காலத்தில்தான். சுயநிதிப் பிரிவில், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. ஊர் கோலியனூர். ஊருக்கு வெளியே இருக்கும் தெரு. அப்பா கரும்பு வெட்டப் போனவர், அம்மா மல்லாட்டை பறிக்கப் போனவர். எங்கள் ஊர்ப் பக்கமும் வந்திருப்பார்கள், எங்கள் நிலத்திலேயே கூடப் பறித்திருக்கலாம். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. அந்தத் தெருவிலிருந்து இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதுவும் கோட்பாட்டு இயற்பியல். ஆய்வகம் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். "செலவே இல்லாத ரிசர்ச்" என்று முதல்வர் அவளைக் கூட்டத்தில் ஒருமுறை பாராட்டினார்.

அவளும் விழுப்புரத்தில்தான் ரயில் ஏறுவாள். பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே வருவாள். பூக்காரம்மா ஒருவர் எதிரில் உட்கார்ந்து கட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் கேட்டார்.

"இன்னாம்மா, தெனிக்கும் எழுதிக்கினே வர்ற. யாருக்கு லெட்டரு?"

"அதான்க்கா தெரியல. பதிலே வர மாட்டேங்குது."

உண்மைதான். அவள் கட்டுரைகள் குறைவு. வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. மேற்கோளும் கிடையாது. மொய் மீட்டிங்கில் அவள் பெயர் வரும்போது பூஜ்யம் என்று வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். தண்டபாணி அவளிடம், "கணக்க கம்மி பண்ணு ஸ்டெல்லா, எல எதாச்சும் புடி" என்பார். "எலைய ஆடு தின்னுட்டா இன்னா சார் பண்ணுவீங்க?" என்பாள் அவள்.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது. சங்கிலிபோல ஒன்றோடொன்று இணைத்த நிறைய ஊசல்கள். ஒவ்வொன்றும் இஷ்டத்துக்கு ஆடுகிறது. இணைப்பு ஒரு அளவுக்கு மேல் பலமானால், சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கும் என்று அவள் நிரூபித்தாள். அந்த அளவுக்கு ஒரு சூத்திரமும் கொடுத்தாள். பெயர் பெற்ற வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அதை அனுப்பும் முன் அவள் என் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் அடித்துவிட்டேன். நேர்மை ஒன்றும் இல்லை. புரியாததற்குக் கீழே பெயர் போட பயம், அவ்வளவுதான். முதல்வருக்கு அந்தப் பயம் இல்லை. பச்சை மை வந்தது. ஸ்டெல்லாவின் பெயருக்கு அடுத்து, இரண்டாவது கட்டுரையாளராக, மீன்காரர்.

முதல் வருஷம் சத்தமே இல்லை. பிறகு மேற்கோள்கள் வரத் தொடங்கின. வாரத்துக்கு வாரம் ஏறின. சனிக்கிழமை அவள் எண்ணை வாசிக்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரி வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுதான் என்று முதல்வர் அறிவித்தார். நான் ஓய்வு பெறும்போது காலியாகும் அரசு உதவிபெறும் பணியிடத்துக்கு அவளும், அவளைப் போலவே சுயநிதிப் பிரிவில் இருந்த தண்டபாணியும்தான் போட்டி. அது நிரந்தர வேலை. ஏப்ரல் வந்தால் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்கும் வேலை இல்லை. "அந்தப் பொண்ணுக்குத்தான்" என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள். அவள் அம்மா எனக்குக் கேப்பை அடை சுட்டுக் கொடுத்தனுப்பினார்.

ஒருநாள் காலை ரயில் முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஸ்டெல்லா அட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

"மேடம், அது தப்பு."

"எது?"

"என் பேப்பர். அத மேற்கோள் காட்டுன எல்லாரையும் எடுத்துப் படிச்சிக்கினு வந்தேன். முக்காவாசிப் பேரு தப்புன்னு சொல்லத்தான் சைட் பண்ணியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா வரலன்னு சொல்றாங்க. முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ரெண்டு மாசமா திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். அவங்க சொல்றதுதான் சரி."

எங்கே தப்பு என்று கேட்டேன். அவள் பெட்டியைக் காட்டினாள்.

"இந்தப் பொட்டியில ஒரு வதந்தி கிளம்புதுன்னு வைங்க. கடைசிப் பொட்டிக்குப் போவ நேரம் ஆவும். பொட்டி ஜாஸ்தியானா நேரமும் ஜாஸ்தி. பொட்டிக்கு முடிவே இல்லன்னா வதந்தி போய்ச் சேரவே சேராது. நான் மொதல்ல காலத்த முடிவில்லாம ஓடவுட்டுட்டு அப்புறம் பொட்டிய சேத்துக்கினே போயிட்டேன். மொதல்ல பொட்டி, அப்புறம் காலம். அதான் முறை. மாத்திப் போட்டேன்."

"இது அவ்வளோ பெரிய தப்பா?"

"அது மட்டும்தான் மேடம் அந்தப் பேப்பர்ல இருக்குது. அது போச்சுன்னா ஒண்ணும் இல்ல. தப்புன்னு சொல்றவங்க பரவால்ல. சரின்னு நம்பி மேல கட்டிக்கினு போறாங்களே சில பேரு, அவங்கள நெனச்சாதான் பேஜாரா இருக்குது. நம்மள மாதிரி சின்னக் காலேஜு பசங்க. படிச்சிருக்க மாட்டாங்க, மொத பாராவப் பாத்து எழுதியிருப்பாங்க. அதுங்க தீசிஸு போச்சு."

மேற்கோள் எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. புகழ்ந்தாலும் ஒன்று, திட்டினாலும் ஒன்று, படிக்காமல் காப்பியடித்தாலும் ஒன்று. கணினிக்கு எல்லாம் மொய்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. தவறு என்ன என்று எழுதி, கட்டுரையாளர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் என்றால் இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று மீன்காரர்.

நானும் கூடப் போனேன். மோர் வந்தது. ஸ்டெல்லா பொறுமையாக விளக்கினாள். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு யாரு கம்ப்ளெய்ண்ட் பண்ணாங்க?"

"நான்தான் சார் சொல்றேன். வெளியவும் சொல்லிக்கினுதான் இருக்காங்க. அதனாலதான் சார் இவ்ளோ சைட்டேஷன்."

"அப்ப நாலு பேரு படிக்கறாங்க. நல்லதுதான்."

"தப்ப சார் படிக்கறாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "சயின்ஸ்ல தப்பே பண்ணாதவங்க யாரும்மா? தண்டபாணி சார் தப்பு பண்ணா அது தண்டபாணி சாரோட தப்பு. நீ பண்ணா யாரு தப்புன்னு சொல்லுவாங்க? நான் என் வாயால சொல்லணுமா? நீயே சொல்லு."

தண்டபாணி அவருக்கு சார். நான் மேடம். ஸ்டெல்லா மட்டும் நீ. அது எப்போதும் அப்படித்தான். அன்றுதான் காதில் குத்தியது.

அவர் காத்திருந்தார். தொட்டியில் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா தரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"எங்க தெருவோட தப்புன்னு சொல்லுவாங்க சார்."

"நீயே சொல்லிட்ட." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தரமதிப்பீட்டுக் குழு வந்துட்டுப் போவட்டும். அப்புறம் நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உன் நல்லதுக்குத்தான்."

எனக்கு அந்தத் தொட்டியைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. மோர் டம்ளரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

குழு வந்தது. வாசலில் கோலம், தலைப்பாகை, பேண்டு வாத்தியம். எங்கள் துறையில் சுவர் முழுக்க ஒரு பிளெக்ஸ். ஸ்டெல்லாவின் கட்டுரைத் தலைப்பு, பக்கத்தில் மேல்நோக்கிப் போகும் அம்புக்குறி. குழுவில் இருந்த வெளிமாநிலப் பேராசிரியர் ஒருவர், வயதானவர், அதைப் பார்த்து நின்றார். இதை எழுதியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதல்வர் ஸ்டெல்லாவைக் காட்டினார்.

"இத்தனை பேர் இதை மேற்கோள் காட்ட என்ன காரணம் அம்மா?"

"இது தவறு என்பதுதான் காரணம் ஐயா," என்றாள் ஸ்டெல்லா ஆங்கிலத்தில். "எல்லைகளை எடுக்கும் வரிசையை மாற்றிவிட்டேன். முடிவு பிழையானது."

அந்தப் பெரியவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். இவ்வளவு தன்னடக்கம் உள்ள விஞ்ஞானியை நான் பார்த்ததில்லை என்றார். கைதட்டினார்கள். "இல்லை ஐயா, உண்மையாகவே," என்று அவள் தொடங்கும்போதே முதல்வர் அவர்களை முந்திரி பக்கோடா வைத்திருந்த அறைக்கு நகர்த்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கோட்பாட்டு இயற்பியலில் கல்லூரியின் தாக்கம் குறிப்பிடத்தக்கது என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார்கள். உயர்ந்த தரம் கிடைத்தது. பட்டாசு வெடித்தார்கள்.

உண்மையைப் பொது இடத்தில் சத்தமாகச் சொன்னால் போதும் என்று நம்புகிற ஆட்களுக்காக இதைச் சொல்கிறேன். போதாது.

அடுத்த வாரம் கையெழுத்து கேட்டுப் போனோம். மோர் வந்தது. நாங்கள் தொடவில்லை.

"நான் மறுபடியும் நல்லாப் படிச்சுப் பாத்தேம்மா. எனக்கு ரிசல்ட் சரின்னுதான் படுது."

நான் அடக்க முடியாமல் சொன்னேன். "சார், நீங்க ஜுவாலஜி."

"ஆனா கட்டுரையில என் பேரு இருக்குதே மேடம்."

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

ஸ்டெல்லா அவர் கையெழுத்து இல்லாமலே ஆய்விதழுக்கு எழுதினாள். அனுப்புவதற்கு முன் ரயிலில் என்னிடம் காட்டினாள்.

"அனுப்பினா வேல போய்டும்," என்றேன். "என் எடம் உனக்கு வராது. நல்லா யோசிச்சிக்கோ."

"யோசிச்சேன் மேடம். தூங்கி எழுந்தா மொத நெனப்பு அதுதான் வருது. நிரந்தரமா வேல வாங்கிக்கினு நிரந்தரமா அதையே நெனச்சிக்கினு இருக்கணுமா?"

மயிலம் வந்ததும் பூக்காரம்மா கூடையைத் தூக்கினார். "இன்னாம்மா, பதிலு வந்துச்சா?" என்று கேட்டார். "இப்பதான்க்கா நான் பதில் எழுதறேன்," என்றாள் ஸ்டெல்லா.

ஆய்விதழ் இரண்டு பேருக்கும் கடிதம் அனுப்பி விளக்கம் கேட்டது. வேறு நிபுணர்களிடமும் கேட்டது. கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்த அறிவிப்பை நீங்கள் இப்போதும் இணையத்தில் படிக்கலாம். நிரூபணத்தில் உள்ள பிழையை முதல் கட்டுரையாளரே கண்டறிந்து தெரிவித்தார் என்று ஒரு வரி. இந்த முடிவோடு இரண்டாவது கட்டுரையாளர் உடன்படவில்லை என்று அடுத்த வரி. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் இயற்பியல்காரனும் அதைப் படித்துவிட்டு, திண்டிவனத்தில் இரண்டு கோட்பாட்டு அறிஞர்கள் கடுமையாக விவாதித்தார்கள் என்றுதான் நினைப்பான். மீன் செவுளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

கல்லூரியில் நடந்தது வேறு. அனுமதியில்லாமல் வெளி நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்ததற்கு அவளுக்கு மெமோ. ஓய்வறையில், அவள் காதில் விழும்படி, "எடம் குடுத்தா இப்பிடித்தான். போட்டதே ஒண்ணு, அதுவும் வாபஸ்" என்று ஒருத்தர் சொன்னார். முதல்வர் சொன்னது பலித்துவிட்டது. பலிக்க வைத்தவரும் அவர்தான். நேர்காணல் குழுவில் துறைத்தலைவி என்ற முறையில் நானும் இருந்தேன். "திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உள்ளவர்" என்று அவள் பெயருக்கு எதிரே முதல்வர் எழுதினார். பச்சை மைதான். அது உங்கள் கட்டுரையும்தானே என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். தன் விவரக் குறிப்பைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கட்டுரை அதில் இல்லை. "நான்தான் எடுத்துட்டேனே மேடம்," என்றார். சரி என்று உலகத்துக்கே எழுதிக் கொடுத்த கட்டுரையை.

வேலை தண்டபாணிக்குப் போனது. நான் எழுதிக் கொடுத்த எதிர்ப்பு எங்கே போனது என்று தெரியாது. ஏப்ரலில் ஸ்டெல்லாவின் வேலையைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் தண்டபாணி அவளிடம் வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு இப்பிடி ஆயிருந்தா நான் கேஸ் போட்டிருப்பேன் ஸ்டெல்லா. உனக்கோசரம் போட எனக்குத் தெம்பு இல்ல. வீட்டுல ரெண்டு பொண்ணுங்க."

"தெரியும் சார். எலைய நல்லாப் பாத்துக்குங்க."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. அவளும்தான்.

நான் அதற்கடுத்த மாதம் ஓய்வு பெற்றேன். பொன்னாடை, கேடயம், குழுப் படம். படத்தில் முதல்வருக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்லி ஓரத்தில் நின்றேன். அவர் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் தரத்துக்கு ஆலோசகர். தண்டபாணி பேனரில் இருக்கிறார், இடமிருந்து இரண்டாவது கோட்டு.

ஸ்டெல்லா விழுப்புரத்தில் மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் பாடம் எடுக்கிறாள். இரண்டாவது மாடி, தகரக் கூரை. நான்கு விடையில் சரியான ஒன்றைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறாள். ஓய்ந்த நேரத்தில் அந்தக் கணக்கை விடாமல் போட்டு, சரியான விடையை எழுதிவிட்டாள். சங்கிலி நீளமாக நீளமாக, ஒரே தாளத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்தக் கட்டுரை. சிறிய ஆய்விதழ் ஒன்றில் வந்தது. கல்லூரி முகவரி இல்லை. பயிற்சி மையத்தின் முகவரியும் இல்லை. கோலியனூர் வீட்டு முகவரி. ஒரே ஒரு பெயர்.

அதை யாரும் மேற்கோள் காட்டவில்லை. பழைய தப்புக் கட்டுரைக்கு இன்னும் மேற்கோள் வந்துகொண்டிருக்கிறது. திரும்பப் பெற்றது தெரியாமல், பார்க்காமல், ஒருவரைப் பார்த்து ஒருவர். மலருக்குக் கட்டுரை கேட்டாளே, அந்தப் பெண்ணிடம் சொன்னேன், துறையின் மொத்த எண்ணிக்கையில் இருந்து அதை நீக்குங்கள் என்று.

"அத எடுத்துட்டா நாம ரொம்பக் கீழ போயிடுவோம் மேடம்," என்றாள். பாவம், அவளும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலையில்தான் இருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கல்லூரி ஆய்வகத்தில் படிகம் வளர்க்கும் முறையைப் பற்றி ஆசிரியர்களுக்கான இதழுக்குச் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினேன். கணினி எண்ணுகிற இதழ்தான் அது. அதன் கடைசியில் ஸ்டெல்லாவின் சரியான கட்டுரையை மேற்கோள் காட்டி ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதுதான் காரணம். பயிற்சி மையத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படியில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"இது இன்னா மேடம் இங்க?"

"படிகத்துலயும் அணுவெல்லாம் வரிசையாத்தான இருக்குது. ஒண்ணோட ஒண்ணு..."

"உப்பு கரையறதுக்கும் இதுக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?"

தண்டபாணியின் பதில் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"நீங்க என் பேப்பர படிச்சீங்களா?"

"படிச்சேன். பாதிதான் புரிஞ்சுது."

"அப்ப மீதியப் படிங்க. மொய்யெல்லாம் வேணாம் மேடம்." பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து என்னிடம் கொடுத்தாள். முகத்தில் கோபம் இருந்தது. என்மேல்தான். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு மேலே ஏறிப் போய்விட்டாள்.

என் கட்டுரை அந்த வரி இல்லாமல் வெளிவந்தது.

இன்று காலையும் பார்த்தேன். பூஜ்யம்தான். முடிவில்லாத சங்கிலி ஒருபோதும் ஒரே தாளத்துக்கு வராது என்று சரியாக நிரூபித்தவர் கோலியனூர் ஸ்டெல்லா. இதை இங்கே, துறை மலரில் எழுதி வைக்கிறேன். கல்லூரி மலரை எந்தக் கணினியும் எண்ணுவதில்லை. அதனால் அவள் என்னோடு சண்டைக்கு வர முடியாது. தவிரவும், இங்கே அதற்குச் சம்பந்தம் இருக்கிறது.